அண்ணன் பெயரில் போனவன்

மேமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
வட்டகொடை, இலங்கை.
20.11.2023

அன்புத் தங்கச்சி மனோரஞ்சிதத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது.

ஆத்தா மாரியம்மன் பார்வையில் இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? நம் மலையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினாயே, அந்தக் கோத்தகிரிக் குளிருக்கு எண்ணெய் சுடவைத்துத் தேய்க்கிறாயா?

முதலில் நல்ல சேதியெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பேத்தி லோஜினி உயர்தரப் பரீட்சையில் இரண்டு ஏ, ஒரு பி எடுத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். எங்கள் லயத்தில் இருபது காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். ஒரு காம்பராவிலிருந்தும் இதுவரை அந்த வாசலை யாரும் மிதித்ததில்லை. கணக்கப்பிள்ளை வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு இல்லை, எனக்கு.

பெரிய பேரன் ஜீவராஜ் கனரக வாகன லைசன்ஸ் எடுத்து, கொழும்பில் லொறி ஓட்டியவன், இப்போது நம் தோட்டத்துக் கொழுந்து லொறிக்கே டிரைவர். அவன் பெண்சாதி சுலக்ஷனா ஐந்து வருஷத்துக்குப் பிறகு முழுகாமல் இருக்கிறாள். டொக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் அவன் ஊரோடு வந்துவிட்டான்.

சின்னவன் பிரதீபன்தான் எல்லோரையும் தாண்டிவிட்டான். போன மாதம் வெளிநாடு போயிருக்கிறான். ஆமிக்காரர்களுக்குச் சமைக்கிற பெரிய கிச்சனில் வேலை. நம் வம்சத்தில் ஏரோப்பிளேன் ஏறிய முதல் ஆள். மருமகள் ரஜிதா கொழுந்து எடுக்கிற மலையில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் மகன் ஆண்டியப்பன் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

போனில் பேசலாமே என்கிறாள் லோஜினி. உனக்குத்தான் காது மந்தம். நான் கத்துவது உனக்குக் கேட்பதற்குள் லயம் முழுக்கக் கேட்டுவிடும். கடிதமே நல்லது.

நீ போன வருஷம் அனுப்பிய உன் பேத்தி ஷாமிலாவின் போட்டோவைக் காணோம். நீலத் தாவணியில் தேயிலைச் செடி ஓரமாக நிற்பாளே, அதுதான். யார் எடுத்துக்கொண்டு போனது என்று எனக்குத் தெரியும். மாமன் மகன்தானே, முறைக்காரன் எடுத்தால் அது திருட்டா? புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

இப்படிக்கு,
அக்கா நாகலெட்சுமி

*

கோத்தகிரி.
14.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் எண்ணெய் வாசனை வருகிறது, வலி போவதில்லை.

கணக்கப்பிள்ளை கைகொடுத்ததைப் படித்துச் சிரித்தேன். அந்தக் கையை நீ இன்னும் கழுவியிருக்க மாட்டாய்.

ஷாமிலா நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். "கிழவி ரெண்டும் சேந்து என்னைய லெட்டர்லயே கட்டிக் குடுத்துடும் போல" என்கிறாள். ஆனால் உன் கடிதம் வந்தால் உறையைப் பிரிப்பது அவள்தான். சீருடை கிடைத்ததும் அதில் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் எழுதினாயே, பிரதீபன் எந்த நாட்டுக்குப் போனான் என்று எழுதவில்லையே. எந்த ஆமி? டீவியில் எங்கே திருப்பினாலும் சண்டை. பயமாக இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுது.

தங்கச்சி மனோரஞ்சிதம்

*

மேமலைத் தோட்டம்.
10.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆத்தா புண்ணியத்தில் நடமாட்டத்தோடு இருக்கிறோம். பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் இப்போதே பாதி காணோம். சுலக்ஷனாவுக்கு வாய் நமநம என்கிறதாம்.

நாடு ரஷ்யா. பயப்படாதே. சண்டை நடக்கிற இடத்துக்கும் கிச்சனுக்கும் வெகு தூரம் என்று ஏஜன்சிக்காரன் படம் போட்டுக் காட்டினான். விரலால் அளந்து பார்த்தேன், என் கையில் ஒரு சாண் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரதீபன் போன் எடுத்துப் பேசினான். பனிக்கட்டி இடுப்பளவு கிடக்கிறதாம். "அப்பாயி, கான் வெட்டுற வேலதான் செய்றேன். நம்ம தோட்டத்துல வெட்டுற மாரியே. இவங்களுக்கு வெட்டவே தெரியல, மண்ணு சரிஞ்சு விழுது. நான் காட்டிக் குடுத்தேன்" என்றான். மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டுவதில் நம் மேமலைப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? அவன் அப்பன் வெட்டிய கான் இன்றைக்கும் நம்பர் ஏழு மலையில் சரியாமல் நிற்கிறது.

"எவ்வளவு ஆழண்டா வெட்றீங்க?" என்று கேட்டேன். "ஆள் உசரத்துக்கு" என்றான். அப்புறம் லைன் அறுந்துவிட்டது.

ரஜிதாவிடம் ஆழத்தைச் சொல்லவில்லை.

குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறதாம். போட்டோவை மறந்துவிடாதே.

அக்கா நாகலெட்சுமி

*

கோத்தகிரி.
02.02.2024

அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ சுகமா என்று கேட்பதற்குக்கூடக் கை ஓடவில்லை.

சமையல்காரனுக்கு எதற்கு மண்வெட்டி? ஆள் உயரத்துக்குக் கான் வெட்டினால் அதில் தண்ணீரா ஓடும்? நீயும் நானும் எத்தனை கானைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போயிருப்போம். முழங்கால் ஆழத்துக்கு மேல் கான் பார்த்திருக்கிறாயா?

இங்கே டீவியில் காட்டினார்கள். ஹோட்டல் வேலை, காவல் வேலை என்று கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் பழக்கிவிட்டு எல்லைச் சண்டையில் முன்னால் நிறுத்துகிறார்களாம். இந்தியப் பையன்கள், நேபாளத்துப் பையன்கள், இலங்கைக்காரர்களும் உண்டாம். ஒரு தாய் டீவிக்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வாயைப் பார்த்தே புரிந்தது.

என் மருமகன் தம்பையாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இப்படிப் போனவர்களின் பெயரைத் திரட்டி இரண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் அனுப்புகிறார். இலங்கைப் பிள்ளையானாலும் சேர்த்துக்கொள்வாராம். பிரதீபனின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே, நம்பரோடு எழுதி அனுப்பு. போட்டோவும் வேண்டும். இப்படிப் பெயர் அனுப்பியவர்களில் சிலரைச் சண்டை முனையிலிருந்து பின்னால் எடுத்திருக்கிறார்களாம்.

உடனே அனுப்பு அக்கா.

மனோரஞ்சிதம்

*

மேமலைத் தோட்டம்.
05.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே உன் முட்டி எப்படி என்று எழுதவும்.

சுலக்ஷனாவுக்குப் போன திங்கட்கிழமை ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மூக்கு நம் அப்பாவின் மூக்கு. ஜீவராஜ் பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறான். லொறி ஓட்டுகிறவன், உட்கார்ந்துகொண்டுதான் வாங்குகிறான். லோஜினிக்குப் பல்கலைக்கழகத்தில் தங்குமிடம் கிடைத்துவிட்டது. இந்த மாதம் மழை இல்லை. கொழுந்து குறைவு. துரை பங்களா பக்கம் சிறுத்தை வந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனது.

பெயர் விஷயம் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

கோத்தகிரி.
25.03.2024

அக்கா,

கொள்ளுப்பேரன் பிறந்ததில் சந்தோஷம். அவன் நூறு வயசு இருக்கட்டும்.

சிறுத்தை நாயைப் பிடித்த கதையை நான் கேட்டேனா? சின்ன வயசிலிருந்து உன் பழக்கம் இது. அம்மாவின் வெண்கலச் செம்பை நீ ஆற்றில் விட்டுவிட்டு வந்த அன்றும், கேட்கிறவர்களிடமெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினாய். உன் கடிதத்தில் மழையும் கொழுந்தும் வந்தாலே எதையோ மறைக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

ஏன் பெயரைத் தரமாட்டேன் என்கிறாய்? பெயர் தந்தால் அங்கே அவனை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயமா? தராமல் இருந்தால் மட்டும் என்ன, மடியில் வைத்துத் தாலாட்டுவார்களா? வக்கீல் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். தம்பையாவுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. ஷாமிலா தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான்.

நீ எழுதவில்லை என்றால் நேராக ரஜிதாவுக்கே எழுதுவேன்.

மனோரஞ்சிதம்

*

மேமலைத் தோட்டம்.
12.04.2024

மனோரஞ்சிதம்,

இந்தக் கடிதத்தை ஷாமிலா பிரித்திருந்தால் அம்மா, தயவுசெய்து வாசிக்காமல் உன் அம்மாச்சியிடம் கொடு.

தங்கச்சி, ரஜிதாவுக்கு எழுதாதே. அவளுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். பிரதீபன் அவன் பெயரில் போகவில்லை.

ஏஜன்சிக்காரன் கேட்டது கனரக லைசன்ஸ் உள்ள ஆளை. ஜீவராஜ்தான் எழுதிக்கொடுத்தான், அவனுக்குத்தான் விசா வந்தது. வந்த கிழமையே சுலக்ஷனாவுக்கு இரத்தம் கண்டு ஆசுபத்திரியில் படுத்துவிட்டாள். "அண்ணே, நீ இரு. நான் போறேன்" என்றான் சின்னவன். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. பாஸ்போட்டில் இருந்தது ஐந்து வருஷத்துக்கு முந்திய படம். ஏஜன்சிக்காரன் படத்தையும் பார்த்தான், இவனையும் பார்த்தான், லொறிக்குப் பதில் கிச்சன் வேலை, சரி என்றான். ஜீவராஜ்தான் தயங்கினான். "பிடிபட்டா ரெண்டு பேருமே உள்ள போகணும் அப்பாயி" என்று என் முகத்தைப் பார்த்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேரா வேல செய்யப் போவுது, கையில்ல செய்யுது" என்றேன்.

இந்த வார்த்தை உனக்கு ஞாபகம் வரும். நம் இரண்டு பேருக்கும் மூத்தவள் காய்ச்சலில் போனபோது உனக்கு ஏழு வயசு. எனக்குப் பதினொன்று, ஐந்தாம் வகுப்பு. அவளுக்குப் பதினாலு, தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்குப் பெயர் பதிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. துரைக்குத் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவான் என்று அப்பா அவளைச் சத்தமில்லாமல் புதைத்தார். மறுநாள் விடியக்காலம் அவள் கூடையை என் தலையில் மாட்டி, "நாகலெட்சுமின்னு கூப்பிட்டா ஆமாங்கன்னு சொல்லு. பேரா கொழுந்து எடுக்கப் போவுது, கையில்ல எடுக்குது" என்றார். அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதோடு காத்தாயி என்கிற பிள்ளையும் முடிந்தாள். அந்தப் பெயரில் கல்யாணம், அந்தப் பெயரில் அடையாள அட்டை, அந்தப் பெயரில் ஓட்டு. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சாப்பாடு வந்ததே. அந்தத் தைரியத்தில்தான் பேரனுக்கும் சொன்னேன்.

மாசி மாதம் அவன் கடைசியாகப் பேசினான். "அப்பாயி, இங்க கிச்சனே இல்ல. சுடுற துவக்கு குடுத்திருக்காங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். "ஜீவராஜ்னு கூப்பிட்டா ஒடனே திரும்பணும், இல்லேன்னா அடி. இப்பத் தூக்கத்துலயும் அண்ணன் பேருக்குத்தான் முழிக்கிறேன்" என்று சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு ஆகவில்லை. ஐம்பது நாளாகப் போன் இல்லை.

இப்போது சொல். பெயரைக் கொடு என்கிறாயே, எந்தப் பெயரைக் கொடுப்பேன்? பிரதீபன் என்று கொடுத்தால் அப்படி ஒருவன் அங்கே இல்லை. ஜீவராஜ் என்று கொடுத்தால் இங்கே கைப்பிள்ளையோடு இருக்கிறவனைப் போலீஸ் பிடிக்கும். ரஜிதா தினமும் போனைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் விறகுக்குப் போகிற சாக்கில் மேலே ஏறிவிடுகிறேன்.

வாசித்துவிட்டு அடுப்பில் போடு.

அக்கா

*

கோத்தகிரி.
08.05.2024

அக்கா காத்தாயிக்கு,

அடுப்பில் போடவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏழு வயசில் நான் உன்னைக் காத்தாயி என்று கூப்பிட்டதற்கு அம்மா என் வாயில் அடித்தாள். அதிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழகினேன். செத்தவளுக்கு நாம் ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை, நீ அவள் பெயரில் மலையில் நின்றாய் என்பதற்காக. அதே காரியத்தை இன்னொரு தடவை செய்யாதே.

இரண்டு பெயரையும் கொடு. இவன் அவனுடைய பாஸ்போர்ட்டில் போனவன் என்று உடைத்து எழுது. ஜீவராஜ் ஜெயிலுக்குப் போனால் ஒரு நாள் திரும்பி வருவான். குண்டுக்குத் திரும்பிவரத் தெரியாது. ஆனால் முதலில் ரஜிதாவிடம் சொல். பெற்றவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளையை நீயும் நானும் கடிதத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஷாமிலா பரீட்சை எழுதிவிட்டாள். சீருடைக்குத் துணி எடுத்தாயிற்று. போட்டோ எடுக்கச் சொன்னால், "அவங்க போன் வரட்டும் அம்மாச்சி, அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறாள்.

தைரியமாக இரு. சாப்பிடு.

உன் தங்கச்சி

*

மேமலைத் தோட்டம்.
30.06.2024

மனோரஞ்சிதம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடட்டும், லோஜினி லீவுக்கு வரட்டும் என்று ஒவ்வொரு சாக்கு.

போன வியாழக்கிழமை கிராம சேவகர் மாத்தயா லயத்துக்கே வந்தார். வேலை விட்டு எல்லோரும் வந்திருந்த நேரம். கையில் கொழும்பிலிருந்து வந்த காகிதம். ரஜிதாவைத்தான் கேட்டார். "ஜீவராஜ் உங்க மகனா?" என்றார். ஆமாம் என்றாள். தொப்பியைக் கழற்றினார். வெளிநாட்டு ஆமியில் இருந்த ஜீவராஜ் சண்டையில் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

ரஜிதா சிரித்துவிட்டாள், தங்கச்சி. "டேய் பெரியவனே, இங்க வாடா. நீ செத்துட்டியாம்" என்று கூப்பிட்டாள். ஜீவராஜ் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து வாசலில் நின்றான். மாத்தயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், பாஸ்போட்டைக் கேட்டார். "லொறியில தொலஞ்சு போச்சு மாத்தயா" என்றான் ஜீவராஜ். பக்கத்துக் காம்பராப் பழனியாண்டி, "செத்தவன் கையால ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க மாத்தயா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மாத்தயா காகிதத்தைப் படித்து முடித்துவிடுகிறேன் என்று மிச்சத்தையும் வாசித்தார். இறந்தது ஏப்ரல் மூன்றாந் தேதி. அவனிடமிருந்த பொருள்: ஒரு கைக்கடிகாரம், கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து, நீல உடுப்பில் ஒரு பெண் பிள்ளையின் போட்டோ, பின்னால் தமிழ் எழுத்து.

நான் அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாத்தயா, "இந்த ஆள் உயிரோடு இருக்கிறார், நேரில் பார்த்தேன்" என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரஜிதாவும் கையெழுத்துப் போட்டாள். பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். ஜீவராஜ் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ரஜிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, நம்ம சின்னவன் போன் எடுத்து எத்தன நாளாச்சு?" என்றாள். "குளிர் காலத்துல லைன் வேல செய்யாதுன்னு சொன்னானே" என்றேன். "இப்ப அங்க வெயில் காலமாம் அத்தை, லோஜினி சொன்னா" என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய் அரிசி களைந்தாள்.

தங்கச்சி, அந்தக் காகிதம் கொழும்புக்குத் திரும்பிப் போகிறது. அது போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே கிடக்கிறவன் யாருக்கும் பிள்ளை இல்லை. நான் பேசினால் ஜீவராஜைக் கொண்டு போவார்கள்.

நீ பெயர் கேட்டு எழுதிய கடிதம் மாசியில் வந்தது. அப்போது அவன் இருந்தான்.

அக்கா

*

கோத்தகிரி.
15.07.2024

அக்கா,

அந்தப் போட்டோவின் பின்னால் இருப்பது என் எழுத்துதான். "ஷாமிலா, கோத்தகிரி, பெரிய அம்மாச்சிக்கு அன்புடன்" என்று எழுதினேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். நான் இங்கே ஒரு தாயில்லாத பெண்ணிடம் சொல்லிவிட்டேன், நீ அங்கே பெற்றவளிடம் சொல்ல மாட்டாயா? ஷாமிலா அழவில்லை. "அந்தப் போட்டோல என் பேரு இருக்கு. அவரு பேருதான் எங்கயும் இல்ல" என்றாள்.

மாசியில் நீ எழுதியிருந்தால் அவன் வந்திருப்பானா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரஜிதா முன்னால் போய் நில். உன்னால் பேச முடியாவிட்டால் இதை அவளிடம் கொடு. ரஜிதா, பிரதீபன்தான் ஜீவராஜ் பெயரில் போனான், அம்மா. காகிதம் சொன்னது உன் சின்னவனை.

தங்கச்சி

*

மேமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு.
18.08.2024

அன்புத் தங்கச்சி மனோரஞ்சிதத்துக்கு,

நீ எப்படி இருக்கிறாய், ஷாமிலா எப்படி இருக்கிறாள்? நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. வாயாலேயே சொன்னேன். ஆடி வெள்ளி அன்று ரஜிதா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் சொல்லி முடிக்கிற வரைக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், வாளி காலியாகிற வரைக்கும். பிறகு, "அன்னைக்கே நெனச்சேன் அத்தை. நெனச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒருத்தனாவது இருக்கட்டும்னு" என்றாள். அதிலிருந்து எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைப்பாள், தட்டை என் பக்கம் தள்ளாமல்.

ஒன்பதாம் நாள் ஜீவராஜே லொறிச் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். "வாங்க அப்பாயி, போவோம். தம்பி பேர அவன்கிட்டயே குடுத்துருவோம்" என்றான். சுலக்ஷனா பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். போகாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

மாத்தயா எல்லாவற்றையும் கேட்டார். ஜீவராஜைப் பார்த்து, பெரிய குற்றம், கொழும்புக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வழக்கு வரும் என்றார். "அவன் இல்ல, பேர மாத்தச் சொன்னது நான். என்னைய எழுதிக்கங்க" என்றேன். பேனாவை எடுத்து, "உங்க பேர் என்ன ஆச்சி?" என்றார்.

"எந்தப் பேரு மாத்தயா?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. உட்கார வைத்து, நம் மூத்தவளில் இருந்து சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

ஜீவராஜ் இரண்டு தடவை கொழும்புக்குப் போய்வந்துவிட்டான். வழக்கு இருக்கிறது. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லி இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை நாய் குரைக்கும்போதும் சுலக்ஷனா பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள். எனக்கும் அந்தப் பயம் போகவில்லை. உடம்பு வருமா என்று கேட்டதற்கு, வராது என்றார்கள். அந்த இடம் இப்போது எந்த நாட்டுப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாதாம். ஆள் உயரக் கான் வெட்டினானே, அதிலேயே விட்டிருப்பார்கள் என்று ஜீவராஜ் சொன்னான். பிறகு ஏன் சொன்னோம் என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

போன செவ்வாய்க்கிழமை பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், கணக்கப்பிள்ளை எழுந்து நின்றார். லயத்தில் சாவு என்றால் பெயர் சொல்லி அறிவித்து, அன்றைக்கு வேலை நிறுத்துவது நம் வழக்கம். அவர் காகிதத்தைப் பார்த்து, "ஜீவராஜ் என்கிற..." என்று ஆரம்பித்தார். ரஜிதா கூடையோடு முன்னால் வந்தாள். "பிரதீபன். ஆண்டியப்பன் மகன் பிரதீபன்" என்று சொன்னாள். களம் முழுக்கக் கேட்டது. உனக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் தப்பு அடித்தார்கள். பாடை இல்லை, தூக்க ஆள் இல்லை. அவன் கிரிக்கெட்டில் வாங்கிய கப்பை முச்சந்தி வரைக்கும் ஜீவராஜ் கொண்டுபோய்விட்டுத் திருப்பிக் கொண்டுவந்தான். வீட்டில் இரண்டு விளக்கு ஏற்றினோம். ஒன்று யாருக்கு என்று லோஜினி கேட்டாள். உன் பெரிய பாட்டிக்கு, அறுபத்தொரு வருஷம் பிந்திவிட்டது என்றேன்.

ஷாமிலாவுக்கு நல்ல இடமாகப் பார். எங்களுக்காகத் தள்ளிப்போடாதே. அவளுக்கு வேலை கிடைத்ததும் அந்த வெள்ளைச் சீருடையில், முகம் நன்றாகத் தெரியும்படி, சிரித்த மாதிரி ஒரு போட்டோ எடுக்கச் சொல். நீலத் தாவணிப் படம் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் முகம் அதோடு நிற்கக் கூடாது. ரஜிதாதான் கேட்டாள், சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். புதுப் போட்டோ ஒன்று மறக்காமல் தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா
காத்தாயி